ஊர்சுத்திக்கு ஒரு சாஸ்திரம்

நம்ம ஊர்ல "ஊர்சுத்தி"ங்கிறது ஒரு வசவு. "படிக்கிற வயசுல ஊர் சுத்திட்டுத் திரியுது பாரு", "ஊர்சுத்திப் பயலுக்கு எவன் பொண்ணு குடுப்பான்" இந்த மாதிரி வாக்கியங்களைக் காதில் வாங்காமல் வளர்ந்த ஆம்பளைப் பசங்க ரொம்பக் கம்மி. (பொம்பளைப் பிள்ளைகளுக்கு அந்த வசவு வாங்குகிற யோகமே கிடையாது. வாசப்படி தாண்டினால்தானே ஊர் சுத்துறதுக்கு.) அந்த வசவையே எடுத்துத் தலையில் கிரீடமாக வைத்துக்கொண்டு, அதுக்கு ஒரு சாஸ்திரமும் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு மனுஷரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ராகுல சாங்கிருத்யாயன். 'வால்கா முதல் கங்கை வரை' என்று சொன்னால் நம்மில் பாதிப் பேருக்கு டக்கென்று விளங்கும். கண. முத்தையா மொழிபெயர்ப்பில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் குடியிருக்கும் புத்தகம். ஆனால் அந்த ஒரு புத்தகத்தோடு நிறுத்திவிடுகிறோம். அவர் 1948ல் இந்தியில் எழுதிய 'குமக்கட் சாஸ்திர்' என்ற இன்னொரு புத்தகம் 'ஊர்சுற்றிப் புராணம்' என்ற பெயரில் தமிழிலும் உண்டு. கிடைத்தால் விடாதீர்கள். பிரம்ம சூத்திரம் பிரம்மத்தை அறிகிற ஆசையில் தொடங்குகிறதில்லையா, நம்ம ஆள் தன் முதல் அத்தியாயத்துக்கு அதே அச்சில் ஊர்சுற்றியை அறிகிற ஆசை என்று தலைப்பு வைத்திருக்கிறார். குசும்பு! ஆனால் வெறும் குசும்பு இல்லை. உலகத்திலேயே உசந்த தர்மம் ஊர்சுற்றுவதுதான், புத்தரும் மகாவீரரும் ஊர்சுற்றிகள்தான், டார்வின் கப்பலேறிப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றெல்லாம் மெனக்கெட்டு வாதாடுகிறார்.

அதில் ரெண்டாவது அத்தியாயம் தளைகளை அறுப்பது பற்றி. தாய், தகப்பன், பெண்டாட்டி, வீடு, வாசல்... எதெல்லாம் காலைப் பிடித்து இழுக்கும், எப்படி உதறிவிட்டுக் கிளம்புவது என்று சொல்லித் தருகிறார். என்னை ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருப்பது இந்த அத்தியாயம்தான்.

என்கூட வேலை பார்த்த நண்பன் ஒருத்தன் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு முதுகில் ஒரு பையோடு கிளம்பிப் போனான். லடாக், நேபாளம், அப்புறம் வியட்நாம், லாவோஸ். ஒன்றரை வருஷம். நாங்களெல்லாம் அவன் அனுப்பிய படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். "பற்றே இல்லாம இருக்கேன் மச்சான், அதான் சுதந்திரம்" என்று எழுதுவான். எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பற்று என்பது ஒரு கயிறு மாதிரி. கயிற்றுக்கு ரெண்டு முனை இருக்கு. கிளம்புகிறவன் தன் கையிலிருக்கிற முனையை விட்டுவிட்டுப் போகலாம். இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் என்ன செய்வார்? ராகுல்ஜியின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க எனக்கு இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது.

சரி, கதைக்கு வருவோம்.

1893 ஏப்ரல் 9. உத்தரப் பிரதேசம் ஆஸம்கட் மாவட்டத்தில் பந்தஹா என்ற கிராமம், அம்மா வழித் தாத்தா வீடு. வைத்த பெயர் கேதார்நாத் பாண்டே. தாத்தா ஹைதராபாத் பக்கம் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர். பேரனை உட்காரவைத்துத் தான் பார்த்த ஊர், காடு, மலை எல்லாவற்றையும் கதை கதையாகச் சொல்வார். பட்டாளத்துத் தாத்தாக்கள் இருக்கிற வீட்டில் பிள்ளைகள் உருப்படாது என்பதற்கு நல்ல உதாரணம் :-) போதாக்குறைக்குப் பள்ளிக்கூட உருதுப் பாடத்தில் ஒரு ஈரடிக் கவிதை. வாலிபம் இருக்கும்போதே உலகத்தைச் சுற்றிப் பார்த்துவிடு, அப்புறம் இந்த வாழ்க்கை கிடைக்காது என்கிற மாதிரி அர்த்தம். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிவிட்டு மறந்துபோயிருப்பார்கள். இந்தப் பையன் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டான்.

11 வயசில் கல்யாணம் பண்ணிவைத்தார்கள். அந்தக் காலத்து வழக்கம். 14 வயசில் வீட்டைவிட்டுக் கல்கத்தாவுக்கு ஓட்டம். பிடித்து இழுத்துவந்தால் திரும்பவும் ஓட்டம். அந்தப் பெண்ணோடு அவர் கடைசிவரைக்கும் குடும்பம் நடத்தவே இல்லை. பேச்சுக்கூடக் கிடையாது என்றுதான் சொல்லவேண்டும். அவள் இவருடைய மனைவி என்ற பெயரோடு மட்டும் வாழ்ந்தாள். குழந்தைக் கல்யாணம் என்கிற கொடுமையில் இவருக்கும் எந்தச் சம்மதமும் கேட்கப்படவில்லை, அது நியாயம்தான். ஆனால் ஓடிப்போகிற வசதி ரெண்டு பேரில் ஒருத்தருக்குத்தான் இருந்தது.

1912ல் பீகாரில் சாரண் மாவட்டத்து பர்ஸா மடத்தில் சேர்ந்து வைணவ சாது ஆனார். பெயர் ராம் உதார் தாஸ். பெரிய மடம், நில புலம், அடுத்த மகந்த் ஆகிற வாய்ப்பு. இருப்பாரா? அடுத்த வருஷமே தெற்கே கிளம்பிவிட்டார். எங்கே வந்தார் தெரியுமா... நம்ம திருமழிசை! சென்னைக்குப் பக்கத்தில், திருமழிசை ஆழ்வார் ஊர். அங்கே ஒரு மடத்தில் தங்கி சமஸ்கிருதமும் வைணவ நூல்களும் படித்தார், கொஞ்சம் தமிழும் படித்தார். பூந்தமல்லி தாண்டி பெங்களூர் பஸ்ஸில் போகும்போது இனிமேல் அந்த ஊரைப் பார்த்தால் ஒரு நிமிஷம் இவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆரிய சமாஜம், ஆக்ரா, லாகூர். 1921ல் ஒத்துழையாமை இயக்கம், ஜெயில். இந்தப் பகுதியையெல்லாம் வேகமாகத் தாண்டுகிறேன். அவர் மாறிய கொள்கைகளை வரிசையாகச் சொன்னாலே ஒரு பதிவு தீர்ந்துவிடும். 1927ல் இலங்கைக்குப் போனார். களனியில் வித்யாலங்கார பிரிவேனாவில் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே பாலி படித்து, திரிபிடகம் முழுக்கக் கரைத்துக் குடித்தார். அங்கேதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. பௌத்த தத்துவத்தில் இந்தியாவில் எழுதப்பட்ட எத்தனையோ சமஸ்கிருத நூல்கள் இந்தியாவிலேயே இல்லை. நாளந்தாவும் விக்கிரமசீலாவும் அழிந்ததோடு போய்விட்டன. திபெத்திய மொழிபெயர்ப்பில் மட்டும் இருக்கின்றன. மூல ஓலைகள் திபெத்து மடங்களில் எங்கேயாவது கிடக்கலாம்.

போகவேண்டியதுதானே? போக முடியாது. திபெத் மூடிய நாடு. பிரிட்டிஷ் அரசு அனுமதி கொடுக்காது, அதுவும் ஜெயிலுக்குப் போய்வந்த காங்கிரஸ்காரனுக்கு நிச்சயமாகக் கொடுக்காது. நேபாளம் வழியாகப் போகலாம் என்றால் அதுவும் மூடிய நாடுதான். ஆனால் வருஷத்தில் ஒருமுறை, சிவராத்திரி சமயத்தில் மட்டும், பசுபதிநாதரைக் கும்பிட வருகிற இந்திய யாத்ரீகர்களைச் சும்மா உள்ளே விடுவார்கள். 1929 சிவராத்திரிக் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நுழைந்தார். கூட்டம் திரும்பியது, இவர் திரும்பவில்லை. ஒளிந்திருந்து, திபெத்திய உடுப்புக்கு மாறி, ஒரு லாமா கோஷ்டியோடு ஒட்டிக்கொண்டு வடக்கே கிளம்பினார்.

முதுகில் மூட்டை, கையில் தடி, பிச்சைக்கார வேஷம். இன்றைக்கு நாம் பேக்பேக்கிங் என்று சொல்வதன் ஒரிஜினல் இதுதான் என்பேன்.

வழியில் துணைக்குக் கிடைத்தவர் ஒரு மங்கோலிய பிக்கு. அவரை 'சுமதி' என்று தன் புத்தகத்தில் கூப்பிடுகிறார். (இந்தி பாடப்புத்தகத்தில் இந்தப் பகுதி ஒரு பாடமாகவே வந்தது. மத்திய அரசுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாவது படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.) கிட்டத்தட்ட 17,000 அடி உயரத்தில் தோங்லா கணவாய். மைல் கணக்கில் ஊர் கிடையாது, வளைவுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. கொள்ளைக்காரர்களுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே? அந்த ஊரில் அப்போது துப்பாக்கிக்குச் சட்டம் கிடையாது, ஜனங்கள் கைத்தடி மாதிரி துப்பாக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். கொள்ளையடிக்க வருகிறவன் முதலில் ஆளைக் கொன்றுவிட்டு அப்புறம்தான் மடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பானாம். விட்டு வைத்தால் நம்ம துப்பாக்கியால் அவன் செத்துப்போவானே!

இவர்கள் என்ன பண்ணினார்கள்? சந்தேகப்படுகிற மாதிரி எவனாவது எதிரே வந்தால் உடனே தொப்பியைக் கழற்றி, நாக்கை நீட்டி, தயவு பண்ணுங்க சாமி, ஒரு காசு குடுங்க என்று பிச்சை கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். திரிபிடகாசாரியர் பட்டம் வாங்கிய பண்டிதர், நடுக்கணவாயில் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்! பிச்சைக்காரனிடம் பிடுங்க என்ன இருக்கு என்று வந்தவன் போய்விடுவான். ஒன்றுமில்லாதவனாக இருப்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கு, அந்த மூட்டையைத் தவிர வேறு எதையும் காப்பாற்ற வேண்டியதில்லை. ஊர்சுற்றிகள் சொல்கிற சுதந்திரம் நிஜமாகவே என்ன என்று எனக்குப் புரிந்த இடம் இதுதான்.

ஆனால் அதே பயணத்தை இன்னொருதரம் கவனித்துப் படித்தால் வேறொன்று தெரியும். பிச்சைக்கார வேஷத்தில் போனாலும் ராத்திரி தங்க ஊருக்கு ஊர் நல்ல இடம் கிடைத்தது. எப்படி? சுமதிக்கு வழியெல்லாம் தெரிந்தவர்கள். அவருக்கு ஊர் ஊராகச் சிஷ்யகோடிகள், அவர்களுக்குப் புத்தகயாவிலிருந்து கொண்டுவந்த துணியைக் கிழித்து ரட்சைக் கயிறு கொடுப்பார். புத்தகயாத் துணி தீர்ந்துபோனால்? கையில் கிடைத்த வேறு துணியைக் கிழித்து அதே கயிறு. ஹூம், அங்கேயும் அப்படித்தான். அஞ்சு வருஷம் கழித்து அதே வழியில் ராகுல்ஜி குதிரையில் கௌரவமாக வருகிறார். ஒருத்தரும் இடம் கொடுக்கவில்லை, ஊரிலேயே ஏழைக் குடிசை ஒன்றில் போய் முடங்கவேண்டியிருந்தது. துட்டு இருந்தது, குதிரை இருந்தது, சுமதி இல்லை. தனியாக எல்லாவற்றையும் உதறிவிட்டு நடந்தவர் என்று நாம் நினைக்கிற ஆளைக் கடத்திக்கொண்டு போனது இன்னொருத்தரின் உறவும் பழக்கமும்தான்.

திபெத்தில் அவருக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சாதி இல்லை, தீட்டு இல்லை, பெண்கள் முக்காடு போட்டு ஒளிவதில்லை. முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் போய், நம்ம கையிலிருக்கிற டீயையும் வெண்ணெயையும் உப்பையும் வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தால் போதும், கடைந்து நல்ல டீ போட்டுக் கொடுத்துவிடுவார். ஆஸம்கட் பிராமணப் பையனுக்கு இது எப்படி இருந்திருக்கும்! வழியில் ஷேகர் மடத்தில் கையால் எழுதிய கஞ்சூர், அதாவது புத்தர் வாக்குகளின் திபெத்திய மொழிபெயர்ப்பு, 103 பெரிய கட்டுகளாக இருந்தது. ஒவ்வொரு கட்டும் தூக்கமுடியாத கனம். அதுவரைக்கும் சுமதி தன் ஆட்களைப் பார்க்கப் பக்கத்து ஊர்களுக்குக் கிளம்பினால், லேட்டாகிவிடும் என்று, லாசா போனதும் பணம் தருகிறேன் போகாதே என்று தடுத்துக்கொண்டிருந்தவர், இங்கே புத்தகத்தைப் பார்த்ததும் நீ தாராளமாகப் போய்வா என்று அனுப்பிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். இந்த மனுஷருக்கும் பற்று இருந்தது சார். இடம் மாறி இருந்தது, அவ்வளவுதான்.

1929 ஜூலையில் லாசா. அங்கே நேபாளத்து நேவார் வியாபாரி ஒருவர் வீட்டில் தங்கினார். புத்தகம் வாங்கக் காசில்லாமல் தவித்தபோது பணம் இலங்கையிலிருந்து வந்தது, அந்தக் களனி மடத்திலிருந்து. 1930ல் திரும்பும்போது 22 கோவேறு கழுதைச் சுமை என்று சொல்வார்கள்: அச்சிட்ட நூல்கள், கையெழுத்துப் பிரதிகள், தங்கா ஓவியங்கள். போகும்போது பிச்சைக்காரன் மூட்டை, வரும்போது இது! அந்த ஓவியங்களும் நூல்களும் பாட்னா போய்ச் சேர்ந்தன. 1934, 1936, 1938 என்று இன்னும் மூன்று தடவை போனார். சாக்யா, ஙோர், ஷாலு மடங்களில் தூசிக்கடியில் சமஸ்கிருத ஓலைகளைத் தேடிக் கண்டுபிடித்தார். தர்மகீர்த்தியின் 'பிரமாண வார்த்திகம்' போன்ற ஏழாம் நூற்றாண்டுத் தர்க்க நூல் இன்றைக்கு சமஸ்கிருதத்திலேயே படிக்கக் கிடைக்கிறது என்றால் அதில் இவர் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கொண்டுவர விடாத மடங்களில் உட்கார்ந்து கையாலேயே பிரதி எடுத்திருக்கிறார், போட்டோ எடுத்திருக்கிறார், குளிரில், சரியான வெளிச்சம் இல்லாமல்.

1934 பயணத்தில் இன்னொரு ஊர்சுற்றியை உருவாக்கியும் விட்டார். கெந்துன் சோபெல் என்று ஒரு திபெத்திய பிக்கு, ஓவியர், படு புத்திசாலி. இவரோடு கிளம்பி இந்தியா வந்தவர் பன்னிரண்டு வருஷத்துக்கு ஊர் திரும்பவில்லை. இந்தியா, இலங்கை முழுக்கச் சுற்றிப் பெரிய பயண நூலே எழுதினார். கடைசியில் லாசா திரும்பினார். 1946ல் அரசாங்கம் பிடித்து உள்ளே வைத்தது. ஊர்சுற்றித் திரும்பியவன் தலைக்குள் என்னத்தைக் கொண்டுவந்திருக்கிறானோ என்று ஆட்சியாளர்களுக்கு எப்பவுமே ஒரு பயம். வெளியே வந்து 1951ல் இறந்துபோனார். ஐம்பது வயசுகூட முழுசாக வாழவில்லை.

இனிமேல்தான் என்னை உறுத்துகிற பகுதி.

1930ல் திபெத்திலிருந்து நேராக இலங்கை போய் முறைப்படி பௌத்த பிக்கு ஆனார். அப்போது வைத்துக்கொண்ட பெயர்தான் ராகுல். புத்தருடைய மகன் பெயர். குழந்தை பிறந்த சேதி வந்தபோது, கிளம்பத் தயாராக இருந்த சித்தார்த்தர், ஒரு தளை பிறந்துவிட்டது என்கிற அர்த்தத்தில் சொன்னதாகவும், அதுவே பெயராக நிலைத்ததாகவும் பௌத்தக் கதை. உலக வரலாற்றிலேயே மிகப் பிரபலமான 'விட்டுவிட்டுப் போன அப்பா'வின் பிள்ளை அந்த ராகுலன். விட்டுவிட்டுப் போவதைத் தர்மமாகக் கொண்ட ஒருத்தர், எத்தனையோ பெயர் இருக்க, விடப்பட்டவனின் பெயரை எடுத்துக்கொண்டார். தெரியாமல் செய்திருக்க மாட்டார், பாலி நூல்களை அவரை விட அறிந்தவர் யார்?

1937 கடைசியில், பௌத்த அறிஞர் ஷெர்பாட்ஸ்கியின் அழைப்பில் லெனின்கிராடு போனார். அங்கே கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த எலெனா என்ற லோலாவோடு காதல், கல்யாணம். சீவரத்தை முன்பே கிட்டத்தட்டக் கழற்றியாகிவிட்டது, இப்போது மார்க்சியர். சில மாதம்கூட ஆகவில்லை, 1938 ஜனவரியில் இந்தியாவுக்குக் கிளம்பிவிட்டார். திபெத் காத்திருக்கிறதே! அந்த வருஷம் செப்டம்பரில் லெனின்கிராடில் மகன் பிறந்தான்.

இங்கே இவர் நாலாவது தடவை திபெத் போனார், பீகார் விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார், 1939ல் மண்டை உடைந்தது, ஜெயில், அப்புறம் மறுபடி ஜெயில், ஹஜாரிபாக், தேவலி. ஜெயிலில்தான் 'வால்கா முதல் கங்கை வரை'யை எழுதினார், 1942ல். தன் சுயசரிதையான 'மேரி ஜீவன் யாத்ரா'வைத் தொடங்கியதும் சிறைவாசத்தில்தான். கால் கட்டப்பட்டால் கை ஓடும் போலிருக்கிறது. அதே வருஷங்களில் லெனின்கிராடு 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை ஜெர்மன் முற்றுகையில் கிடந்தது. பசியிலேயே லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். வால்காக் கரையிலிருந்து எட்டாயிரம் வருஷத்து மனிதக் கூட்டங்களை நடக்கவிட்டுக் கதை எழுதிக்கொண்டிருந்தவருக்கு, தன் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

1944ல் கிளம்பினார். ஈரானில் டெஹ்ரானில் சோவியத் விசாவுக்காக மாதக்கணக்கில், கையில் காசில்லாமல் காத்துக் கிடந்தார். சிவராத்திரிக் கூட்டத்தில் நழுவிப்போன காலம் முடிந்துவிட்டது, இப்போது முத்திரை குத்திய காகிதம் வேண்டும். 1945ல் லெனின்கிராடு போய்ச் சேர்ந்தபோது மகனுக்கு ஏழு வயசு ஆகப்போகிறது. முதல் தடவையாகப் பார்க்கிறார்.

25 மாதம் இருந்தார். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். பிறகு 1947 ஆகஸ்டில் இந்தியா திரும்பிவிட்டார், தனியாக. இதில் அவரை மட்டும் குற்றம் சொல்லுவது சரியில்லை. அது ஸ்டாலின் காலம். 1947 பிப்ரவரியில் சோவியத் குடிமக்கள் வெளிநாட்டாரைக் கல்யாணம் செய்யவே தடைச் சட்டம் வந்தது. பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரயிலேறுவது நினைத்தவுடன் நடக்கிற காரியம் இல்லை. அங்கேயே தங்கியிருக்கலாமே என்றால், அவர் வேலையெல்லாம், மொழியெல்லாம் இந்தியாவில். அதுவும் நாடு விடுதலையான மாதம். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரு நியாயம் தெரிகிறது. ஆனால் ஒன்பது வயசு ஆகப்போகிற பையன் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால், ரெண்டு வருஷம் வந்து இருந்த ஒரு அப்பா திரும்பவும் இல்லாமல் போய்விட்டார்.

'ஊர்சுற்றிப் புராணம்' அடுத்த வருஷம் எழுதப்பட்டது. தளைகளை அறு என்கிற அத்தியாயத்தை இந்தத் தேதியைத் தெரிந்துகொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். முதலில் படித்தபோது ஏதோ இளைஞர்களுக்குச் சவால் விடுகிற குரலாகத்தான் எனக்குக் கேட்டது. தேதி தெரிந்தபிறகு அந்தக் குரல் யாரைச் சமாதானப்படுத்துகிறது என்ற சந்தேகம் வந்துவிட்டது. இது என் ஊகம்தான், அடிக்க வராதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே புத்தகத்தில் பெண் ஊர்சுற்றிகளுக்கு என்று தனி அத்தியாயம் உண்டு. ஆணுக்குள்ள உரிமை முழுக்கப் பெண்ணுக்கும் உண்டு, கிளம்பு தாயே என்கிறார். 1948ல் இந்தியில் இப்படி எழுத தைரியம் வேண்டும். கையில் அப்பா காசு வைத்துக்கொண்டு சுற்றுவதெல்லாம் ஊர்சுற்றலில் சேர்த்தியில்லை, தொழில் கற்றுக்கொள், முடிவெட்டக் கற்றுக்கொண்டால்கூட உலகத்தில் எங்கே போனாலும் சோறு கிடைக்கும் என்கிற மாதிரியான யோசனைகளும் உண்டு. இதற்குப் பல வருஷம் கழித்து, இஸ்தான்புல்லிலிருந்து காத்மாண்டு வரை வெள்ளைக்கார இளைஞர்கள் பஸ்ஸிலும் லிஃப்ட் கேட்டும் வந்தார்கள் இல்லையா, அந்த ஹிப்பிப் பாதை, அதுவும் 1979ல் ஈரான் புரட்சியோடும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததோடும் அடைபட்டுப்போனது. அந்தப் பாதையில் வந்தவர்களுக்கு ஊரில் ஒரு வீடு, திரும்பிப்போக ஒரு பாஸ்போர்ட் இருந்தது. ராகுல்ஜி 1929ல் பிடிபட்டிருந்தால் அவருக்காகப் பேச ஒரு தூதரகமும் இருந்திருக்காது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் ரெண்டையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

சின்ன வயசில் ஒரு சபதம் போட்டிருந்தார், 50 வயசு முடிகிற வரைக்கும் ஆஸம்கட் மண்ணை மிதிப்பதில்லை என்று. 1943ல்தான் சொந்த ஊருக்குப் போனார். மகாபண்டிதர் வந்திருக்கிறார் என்று ஜனம் கூடியது. அவர் 11 வயசில் தாலி கட்டிய பெண்ணும் அப்போது ஐம்பதை ஒட்டிய கிழவி. அவருடைய பயணங்களுக்கு எத்தனையோ புத்தகம் இருக்கு. எங்கேயும் போகாத அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது.

கடைசிக் கட்டம் வேறு மாதிரி. கலிம்போங்கைச் சேர்ந்த கமலா என்ற நேபாளிப் பெண் இவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய வந்தவர், 1950ல் கல்யாணம். ராகுல்ஜிக்கு 57. மசூரியில் வீடு, ஒரு மகள், ஒரு மகன். ஊர்சுற்றி சாஸ்திரத்தின் ஆசிரியர் மளிகைக் கணக்கும் வாடகையும் சர்க்கரை வியாதியுமாக உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து எழுதித் தள்ளினார். 'மத்ய ஆசியா கா இதிஹாஸ்' 1958ல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது. 1959ல் அதே களனிக்கு, அப்போது பல்கலைக்கழகமாகியிருந்த வித்யாலங்காரவுக்கு, தத்துவப் பேராசிரியராகப் போனார். குடும்பத்தை நடத்தச் சம்பளம் வேண்டுமே!

1961 டிசம்பரில் பக்கவாதம். நினைவு போய்விட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட மொழி தெரிந்தவர் என்பார்கள், வழி தெரியாத கணவாய்களையெல்லாம் கடந்தவர், அத்தனையும் துடைத்தமாதிரி. பற்றை விடு, விடு என்று எழுதியவரிடமிருந்து கடைசியில் அவர் விட விரும்பாத ஒன்றே ஒன்றும் போயிற்று. கமலா அவரை அழைத்துக்கொண்டு சிகிச்சைக்காக மாஸ்கோ போனார். 1962-63ல் மாதக்கணக்கில் அங்கே இருந்தும் பெரிய பலன் இல்லை. அரசாங்கம் பத்மபூஷண் கொடுத்ததும் அந்த 1963ல்தான். அது தனக்குத்தான் என்று அவருக்கு விளங்கியிருக்குமா... ஏப்ரல் 14ஆம் தேதி, 70 முடிந்து அஞ்சு நாளில், டார்ஜிலிங்கில் இறந்தார்.

'மேரி ஜீவன் யாத்ரா' முதல் ரெண்டு பாகம்தான் அவர் இருக்கும்போது வெளிவந்தது. மிச்சப் பாகங்கள் கையெழுத்துப் பிரதிகளாகக் கிடந்தன. டார்ஜிலிங் வீட்டில் ரெண்டு சின்னப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, அவற்றைச் சரிபார்த்து வரிசைப்படுத்தி அச்சுக்குக் கொடுத்தவர் கமலா. நாம் இன்றைக்கு அந்த மனுஷர் எங்கெங்கே நடந்தார் என்று முழுசாகப் படிக்கிறோமே, அது அப்படி வந்து சேர்ந்ததுதான்.